சம்பந்தி வீட்டு மிஸ்ஸி

ஒரே ஒரு முறை தவிர, நல்லம்மாள் என்னிடம் சொன்ன எண் எப்போதும் இரண்டுதான்.

வலி எவ்வளவு என்று நோயாளியிடம் கேட்பது எங்கள் வேலை. பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாத வலி. காய்ச்சல் பார்ப்பது போல, ரத்த அழுத்தம் பார்ப்பது போல இதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் மருந்து. மூன்றுக்குள் இருந்தால் வெறும் பாராசிட்டமால். ஏழுக்குப் போனால் பெரிய மாத்திரை. வலியை அளக்க வேறு கருவி எதுவும் கிடையாது. நோயாளியின் வாய்தான் கருவி.

இடுப்பு மூட்டை மாற்றியவர்களுக்கு இந்த எண் இன்னும் முக்கியம். ஆபரேஷன் முடிந்த மறுநாளே அவர்களை எழுப்பி நிற்க வைக்க வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டும், நெஞ்சில் சளி கட்டும், முதுகு புண்ணாகும். எழுந்து நிற்க வேண்டுமென்றால் வலி அடங்கியிருக்க வேண்டும். நடை பழக்கும் பிசியோ வருவதற்கு முன்பே, வலி தலைதூக்கும் முன்பே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். இதையெல்லாம் நான் பட்டப்படிப்பில் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கடைசி ஆண்டு ஆய்வே இதைப் பற்றித்தான். நோயாளியின் தாய்மொழியில் கேட்டால் வலியைப் பற்றிய உண்மை வெளியே வரும் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். அதற்கு முதல் வகுப்பும் கொடுத்தார்கள்.

கூடப் படித்தவர்கள் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போனார்கள். நான் கோல சிலாங்கூர் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். நம் ஆட்கள் அதிகம், நம் மொழி பேசும் நர்ஸ் குறைவு என்று நினைத்தேன். குறைவு என்பதே தப்பு. எலும்பு வார்டில் நான் ஒருத்திதான். "இந்தியப் பொம்பளைங்களா, சும்மாவே சத்தம் போடுவாங்க" என்று எங்கள் வார்டின் தலைமை நர்ஸ், சிஸ்டர், மலாயில் சொல்வார், சிரித்துக்கொண்டே. சத்தம் போடுகிறவளுக்கு நடிப்பு என்று பெயர். சத்தம் போடாதவளுக்கு வலியில்லை என்று அர்த்தம். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால் எங்கே போவது என்று நான் ஒரு நாள் கேட்டேன். அன்றிலிருந்து என்னைக் கோபக்காரி என்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு யாரும் வருவதில்லை. சரிதான், நானும் போவதில்லை.

நல்லம்மாள் வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஜெராம் பக்கம் தனியாக இருக்கிறவர். பின்பக்கம் துணி காயப்போடப் போய், பாசியில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்துவிட்டது. மூட்டை மாற்றினார்கள். மறுநாள் காலை நான் திரையை விலக்கியபோது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

"மிஸ்ஸி, முடியல மிஸ்ஸி." நர்ஸை எங்கள் ஆட்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள சொல்லுங்க ஆன்ட்டி. எவ்ளோ வலி?"

"பத்துக்கு மேல இல்லையா?"

"இல்ல."

"அப்ப எட்டு போட்டுக்க. மிச்சம் ரெண்டு கையில இருக்கட்டும், எழுப்பி நிக்க வைப்பீங்கல்ல, அப்ப வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருந்து கொடுத்தேன். கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் இருக்க நடுவில் தலையணை வைத்தேன். ஐஸ் பையைத் துணியில் சுற்றி இடுப்போரம் வைக்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டார்.

"ஐஸா? குளுரு எலும்புல ஏறிக்கிட்டா?"

"ஏறாது ஆன்ட்டி. வீக்கம் இறங்கும்."

"ஏறுச்சு, உன்னத் தேடி வருவேன் பாத்துக்க."

அப்படிச் சொன்னாலும் வைக்க விட்டார். மருந்து வேலை செய்யும்வரை என் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சை மெல்ல இழுத்து விடச் சொன்னேன், விட்டார். முகம் தளர்ந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இந்த வார்டில் எனக்கு வாய்த்த நல்ல காலை அதுதான். நான் எழுதின ஆய்வு அப்படியே கண்முன் நடந்தது.

வலி இறங்கியதும் பேச்சு வந்தது. பேச்சு வந்தால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"நீ எந்தப் பக்கம் மிஸ்ஸி?"

"ஏழாங்கட்டைத் தோட்டம்."

"ஏழாங்கட்டையா? யாரு புள்ள?"

"பழ லோரி ஓட்டுவாரே அர்ஜுனன், அவரு மக. மாதவி."

"அர்ஜுனன் பொண்டாட்டி அமராவதிதானே?"

"ஆமா, எங்கம்மாவத் தெரியுமா?"

"தெரியுமாவா? அமராவதியோட சின்னம்மா பேத்திதான் எங்க கங்கா. என் மருமக."

"கங்கா அக்காவா? சின்னப் புள்ளையில அவங்க கல்யாணத்துல நான்தான் தட்டு தூக்குனேன்."

"அப்ப நான் உனக்கு அத்தை முறை" என்றார் நல்லம்மாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் என் விரலைப் பிடித்திருந்த கையை எடுத்து, ஆஸ்பத்திரிச் சட்டையின் கழுத்தை இழுத்துச் சரி செய்துகொண்டார். கலைந்திருந்த முடியை ஒதுக்கினார். விருந்தாளி வந்துவிட்ட வீட்டில் செய்வது போல.

அப்போது நான் அதைப் பொருட்படுத்தவில்லை. எனக்கு ஒரு அத்தை கிடைத்தார் என்று நினைத்தேன்.

மத்தியானம் கேட்டேன். "வலி எவ்ளோ அத்தை?"

"ரெண்டு."

"ரெண்டா?"

"ரெண்டுதான் புள்ள. மருந்து நல்ல மருந்து."

மறுநாளும் இரண்டு. நாடி ஓடுகிற ஓட்டம் வேறு சொன்னது. மேலுதட்டில் வேர்வை. ஆஸ்பத்திரிப் போர்வையை உள்ளங்கைக்குள் சுருட்டி வைத்திருந்தார். பெரிய மாத்திரையை எடுத்துப்போய் நீட்டினால், "ரெண்டுக்கு எதுக்கு இது? வேற யாருக்காச்சும் குடு" என்றார். நோயாளி சொல்வதுதான் வலி என்று படித்தவள் நான். வேண்டாம் என்கிறவரின் வாயில் திணிக்க முடியாது.

பிசியோ வந்தார். வாக்கரைப் பிடிக்க வைத்து எழுப்பினார். நல்லம்மாள் பாதி எழுந்தார், முகம் சாம்பல் நிறமானது, அப்படியே கட்டிலில் சரிந்துவிட்டார். "இவர் ஒத்துழைக்கவில்லை" என்று பிசியோ என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் மகன் சுகுமாறனும் கங்கா அக்காவும் புக்கிட் பெருந்துங்கிலிருந்து வந்தார்கள். டாக்டர் அவர்களிடம் தெளிவாகவே சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை பார்ப்போம். அவராகக் கட்டிலைவிட்டு எழுந்து, வாக்கர் பிடித்து டாய்லெட் வரை போய்த் திரும்ப முடிந்தால் சொந்த வீட்டுக்கு அனுப்பலாம், எங்கள் நர்ஸ் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். முடியாவிட்டால் கூட ஆள் இருக்கிற வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

"நம்ம வீட்டுக்கே வந்துரும்மா. எதுக்கு இந்தப் பிடிவாதம்?" என்றார் சுகுமாறன். "ஜெராம் வீட்டுக்கு ஆள் பாத்தாச்சு. ஃபேக்டரி பசங்க. மாசக் கடைசியில வந்துருவாங்க."

"யாரக் கேட்டுப் பாத்த?"

"அம்மா, உன்னால நிக்கவே முடியலலா."

"இன்னிக்கு முடியல. வெள்ளிக்கிழமை நடப்பேன்."

"அடுப்படிக்குப் பக்கத்து ரூமக் கழுவி வச்சிட்டேன் அத்தை" என்றாள் கங்கா அக்கா. ஆட்டுக்கால் சூப்பை ஊதி ஊதிக் கொடுத்தாள். "நான் இருக்கேன், பாத்துக்க மாட்டேனா? லீவு கூட சொல்லிட்டேன்." கண் கலங்கியது. நடிப்பு இல்லை. கங்கா அக்கா கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவோ வசதி. சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அவர்கள் போன பிறகு நல்லம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "அந்த வீடு என் பேர்ல இருக்கு புள்ள. கம்பெனிக்காரன் தோட்டத்த வித்தப்ப நடு ரோட்டுல பாய விரிச்சு உக்காந்து வாங்குன வீடு. போலீஸ்காரன் தண்ணியப் பீச்சி அடிச்சும் எந்திரிக்கல."

"அப்ப எந்திரிச்சு நடங்க அத்தை. அதுக்கு மாத்திரை வேணும். மாத்திரைக்கு உண்மையான நம்பர் வேணும்."

"ரெண்டு" என்றார்.

மறுநாள் என் வேலை மதியத்தில் தொடங்கியது. காலை வேலையில் இருந்தவள் ஹயாத்தி. தஞ்சோங் காராங்கிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவள். வேலைக்கு நடுவில் அலைபேசியில் துணி விற்பவள். நோயாளிகளை ஒவ்வொருவராக என்னிடம் ஒப்படைத்துக்கொண்டே வந்தவள், ஜன்னலோரத்தில் நல்லம்மாள் கட்டிலுக்கு வந்ததும் சொன்னாள். வயதான பெண்களை மலாயில் மாச்சிக் என்பார்கள்.

"இந்த மாச்சிக்குக்குக் கடுமையான வலி. ஏழு. பெரிய மாத்திரை கொடுத்தேன். அதுக்கப்புறம் கொஞ்சம் தூங்கினாங்க."

"ஏழா? யார் சொன்னது?"

"அவங்கதான். வேற யாரு?"

"தப்பாகப் புரிந்துகொண்டிருப்பாய். அவருக்கு மலாய் சரியா வராது. என்கிட்ட இரண்டுன்னுதான் சொல்றாங்க, தமிழில்."

ஹயாத்தி தோளைக் குலுக்கினாள். சிஸ்டர் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார். "உன் மொழிதானே மாதவி? உன்கிட்ட இரண்டு, இவள்கிட்ட ஏழா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த இருவர் சிரித்தார்கள்.

அடுத்த நாள் காலையில் நான் வேறு கட்டிலில் இருந்தேன். ஹயாத்தி நல்லம்மாளுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரே ஒரு திரைதான். நான் இந்தப் பக்கம் இருப்பது அவருக்குத் தெரியாது.

"சாக்கிட், மிஸ்ஸி. தாக் போலே தாஹான்." வலிக்குது மிஸ்ஸி, தாங்க முடியல. தோட்டத்து மலாய், உடைந்த மலாய். பிறகு அழுகை. நான் கேட்டிராத அழுகை. குரலை அடக்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குழந்தை அழுவது போல. இந்தக் காலை வெட்டி எறிந்துவிடலாம் போலிருக்கிறது என்றார். புருஷன் செத்தபோதுகூட இப்படி அழவில்லை என்றார். டாய்லெட் தட்டை வைக்கத் தூக்கும்போது உயிர் போகிறது, அதனால் தண்ணீரே குடிப்பதில்லை என்றார். ஹயாத்தி பெரிதாக எதுவும் சொல்லவில்லை. "ஆமா மாச்சிக், ஆமா" என்று சொல்லிக்கொண்டே துடைத்தாள். பாதிக் கவனம் எங்கேயோ இருந்திருக்கும், எனக்கு அவளைத் தெரியும். ஆனாலும் அவளிடம்தான் அழுதார்.

நான் அந்தப் பக்கம் இன்னொருவருடைய கட்டைப் பிரித்துக்கொண்டே நின்றேன். நான்கு ஆண்டு படித்தது, பக்கம் பக்கமாக எழுதியது, ஊர் திரும்பி வந்தது எல்லாம் எதற்கு? தமிழில் கேட்டதற்குக் கிடைத்தது இரண்டு. உடைந்த மலாய்க்குக் கிடைத்தது முழு அழுகை.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஹயாத்தி சாப்பிடப் போனதும் திரைக்குள் போனேன்.

"ஹயாத்திகிட்ட ஏழுன்னு சொன்னீங்களா அத்தை?"

முகம் மூடிக்கொண்டது. "யாரு சொன்னா?"

"வேலை மாத்தி விடும்போது எங்களுக்குள்ள எல்லாம் சொல்லிக்குவோம்."

"எல்லாமா?"

"எல்லாம்."

"அப்ப அந்தப் புள்ளகிட்ட சொல்றதும் உன்கிட்ட வந்துடும்."

"வரும். வந்தா என்ன? நான் நர்ஸ் அத்தை. நோயாளி விஷயத்த வெளிய சொல்லக்கூடாது. சொன்னா என் வேலை போயிடும்."

"நீ சொல்ல மாட்ட. நீ நல்ல புள்ள" என்றார் நல்லம்மாள். கண்ணை மூடிக்கொண்டு பேசினார். "உங்கம்மா போன் பண்ணுவா. அத்தை எப்படி இருக்காங்கன்னு கேப்பா. நீ என்ன சொல்லுவ?"

"எதுவும் சொல்ல முடியாதுன்னு சொல்லுவேன்."

"அதுவே போதுமேடி. நல்லாருந்தா நல்லாருக்காங்கன்னு சொல்லியிருப்பாளேன்னு நெனைப்பா. கங்கா அம்மாவுக்கு போன் அடிப்பா. கங்கா அழுவா. சுகு லோரியக் கொண்டாந்து என் சாமான ஏத்திருவான்."

"அதுக்காக வலியத் தாங்கிக்கிட்டுக் கெடந்தா எப்படி நடப்பீங்க? நடக்கலன்னாலும் அங்கதானே போகணும்?"

"தெரியுதுடி. எனக்கு மட்டும் தெரியாதா? ஆனா உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு வாய் வரல. நீ கண்ணு முன்னால வந்து நின்னா எனக்கு நீ மிஸ்ஸி இல்ல. சம்பந்தி வீட்டுப் புள்ள. மருமக வீட்டு ஆளுங்க முன்னால எந்தப் பொம்பள கால விரிச்சிப் போட்டு அழுவா, சொல்லு?"

நான் ஐஸ் பையை எடுத்து மறுபடி துணியில் சுற்றினேன்.

"அந்த மலாய்க்காரப் புள்ளைக்கு என் மருமக யாரு, சம்பந்தி யாரு, ஒன்னும் தெரியாது. அதுகிட்ட அழுதா அழுத எடத்துலயே போயிடும்னு நெனச்சேன்."

அன்று மதியத்துக்குப் பிறகு அவர் ஹயாத்தியிடமும் இரண்டு என்று சொல்லத் தொடங்கினார். மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தார். ஐஸ் பையும் வேண்டாம். "அந்த மாச்சிக்கிட்ட நீ என்ன சொல்லித் தொலைச்சே?" என்று ஹயாத்தி கேட்டாள். நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். பிசியோ மறுபடி வந்து எழுப்பினார். இந்த முறை நல்லம்மாள் உட்காரக்கூட இல்லை. வெள்ளிக்கிழமை பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

நான் தங்கியிருந்தது கோல சிலாங்கூர் கடைத்தெருவில், மீன்வலைக் கடைக்கு மேலே ஒரு அறை. அறைக்குப் போய், வாங்கி வந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது அம்மா அழைத்தாள்.

"மாதவி, சுகுமாறன் அம்மாவ நீதான் பாக்கிறியாம். கங்கா சொன்னா. எப்படி இருக்காங்க?"

"நோயாளி பத்தி வீட்டுல பேசக்கூடாதும்மா."

"அப்ப ரொம்ப முடியலையா?"

நான் அலைபேசியைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். "பாவம், தனியா கெடந்து என்ன பண்ணப் போறாங்க. கங்காகிட்ட சொல்றேன், பேசாம இப்பவே கூட்டிட்டுப் போகச் சொல்லி."

"அம்மா, நான் அப்படிச் சொல்லல."

"நீ எங்க சொன்ன? உன் கொரலு சொல்லுது."

யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அம்மா தப்பாக எதுவும் செய்யவில்லை. கங்கா அக்காவும் இல்லை. எல்லாரும் அக்கறையாக இருந்தார்கள். அந்த அக்கறை ஒவ்வொரு வீடாகத் தாண்டிப் போய் ஒரு பொம்பளையின் வீட்டைக் காலி செய்யப் போகிறது. அதற்கு வழி நான். நான் வாயைத் திறந்தாலும் வழி, மூடினாலும் வழி. சோறு ஆறிப்போனது. மடித்துக் குப்பையில் போட்டேன்.

காலையில் சிஸ்டரிடம் போய், ஆண்கள் பக்கம் மாற்றிவிடச் சொன்னேன். எங்கள் வார்டு நடுவில் ஒரு நீள மேசை. இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கத்து நோயாளி எவரையும் ஒப்படைத்து வாங்க வேண்டியதில்லை.

"ஜன்னலோரத்து மாச்சிக் உன் ஆள்தானே? மொழி தெரிஞ்சவள் நீ ஒருத்திதானே?" என்றார் சிஸ்டர்.

"என்னால் அவரோடு முடியவில்லை."

"உங்களுக்குள்ளேயே முடியவில்லையா?" சிரித்தார். "இதைத்தான் நான் எப்போதும் சொல்கிறேன். உன் ஆட்களை உன்னாலேயே சமாளிக்க முடியாது."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மத்தியானத்துக்குள் வார்டு முழுக்கப் பரவும், கேலியாகும், கடைசியில் யாராவது ஒருவர் நல்ல எண்ணத்தில் சுகுமாறனிடமே சொல்வார். "ஆமா சிஸ்டர், முடியாது" என்றேன். அதைச் சொல்லும்போது பல் கடித்த வலி மதியம்வரை தாடையில் இருந்தது.

பிறகு நல்லம்மாள் கட்டிலுக்குப் போனேன். உட்காரவில்லை.

"நான் இன்னிக்கிலேருந்து ஆம்பளைங்க பக்கம். இனிமே உங்க விஷயம் எதுவும் எனக்கு வராது. ஹயாத்தி என்கிட்ட சொல்ல மாட்டா, சொல்லவும் கூடாது. அம்மா கேட்டா அத்தைய நான் பாக்கிறதே இல்லன்னு சொல்லிருவேன். அது பொய்யும் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். "கோவமா புள்ள?"

"ஆமா."

"என் மேலயா?"

"தெரியல அத்தை. ஹயாத்தி வந்ததும் நம்பர சரியா சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்கு நாள் இல்ல."

ஹயாத்தியிடம் நான் சொன்னது சுருக்கம். பிசியோ வருவதற்கு நல்ல நேரம் முன்பே மாத்திரையைக் கொடு. எழுப்புவதற்கு முன் ஐஸ் வை. குளிர் எலும்பில் ஏறிவிடும் என்று பயப்படுவார், துணியைத் தடிப்பாகச் சுற்று. வலியைப் பற்றி இனி என்னிடம் பேசாதே. அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "உறவுன்னா இன்னும் நல்லா பாப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள். அவள் ஊரில் எப்படியோ, எனக்குத் தெரியாது.

ஆண்கள் பக்கம் வேலை குறைவில்லை. லோரியிலிருந்து விழுந்தவர்கள், செம்பனைக் குலை காலில் விழுந்தவர்கள். அம்மா மறுபடி அழைத்தாள். "அத்தைய நீ திரும்பிக்கூடப் பாக்கிறதில்லையாம்? கங்கா சொல்லி வருத்தப்படுறா. படிச்சிட்டா ஒறவு வேணாமா? ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றாள். "பேசட்டும்மா" என்றேன். வீட்டில் முதல் பட்டதாரி என்று அப்பா லோரிக் கண்ணாடியில் என் பட்டமளிப்புப் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்து இனி நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் காலை மருந்துத் தள்ளுவண்டியோடு நீள மேசைப் பக்கம் நின்றிருந்தேன். வாக்கரின் ரப்பர் கால் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. ஊன்றல், பிறகு ஒரு செருப்பு இழுபடும் சத்தம், பிறகு இன்னொன்று. பார்க்காமலேயே தெரிந்தது. டாய்லெட்டுக்குப் போக அந்த மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். சத்தம் என்னை நெருங்கியதும் நின்றுவிட்டது. ஹயாத்தி "என்ன மாச்சிக், வலிக்குதா?" என்றாள். பதில் இல்லை.

நான் தள்ளுவண்டியைத் திருப்பினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, முதுகை அந்தப் பக்கம் காட்டி, மாத்திரைப் பட்டைகளை எடுத்து எண்ணாமல் அடுக்கினேன். மறுபடி எடுத்து அடுக்கினேன்.

"சாக்கிட்" என்று பின்னால் குரல் வந்தது. "ஐந்து. ஆறு இருக்கும்." ஒரு முனகல். பிறகு வாக்கர் ஊன்றியது. சத்தம் என்னைத் தாண்டி மெல்ல மெல்லப் போய், டாய்லெட் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி வந்து கட்டிலில் உட்காரும்வரை நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நோயாளி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார், "மிஸ்ஸி, தூங்கிட்டியா?" என்று.

வெள்ளிக்கிழமை டாக்டரும் பிசியோவும் வந்தார்கள். சுகுமாறனும் கங்கா அக்காவும் வந்து நின்றார்கள். நான் ஆண்கள் பக்கம் கடைசிக் கட்டிலில் ஒருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து எதுவும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து பிசியோவின் கைதட்டல் கேட்டது. அவர் எல்லாருக்கும் கைதட்டுகிறவர் இல்லை.

அவர்கள் கிளம்பும்போது நீள மேசையில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நானும் அங்கே இருக்க நேர்ந்தது. நல்லம்மாள் சக்கர நாற்காலியில், சேலை கட்டி, பூ வைத்து உட்கார்ந்திருந்தார். சுகுமாறன் முகம் கொஞ்சம் தொங்கியிருந்தது. "பக்கத்து வீட்டு விமலா சாப்பாடு குடுப்பாங்க, நர்ஸ் வீட்டுக்கு வரும், பாக்கலாம்" என்று யாரிடமோ அலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபேக்டரி பசங்களுக்கு வேறு வீடு பார்க்கச் சொன்னது போலவும் கேட்டது.

கங்கா அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். "மாதவி நல்லா பாத்துக்கிட்டாளா அத்தை?" என்று என்னை வைத்துக்கொண்டே கேட்டாள். நான் பேனாவை மூடினேன்.

"இவளா?" என்றார் நல்லம்மாள். என் முகத்தைப் பார்க்காமல் கைப்பையின் வாரைச் சரி செய்தார். "இவ என் பக்கமே வரல. அந்த மலாய்க்காரப் புள்ளதான் எல்லாம் பாத்துச்சு."

கங்கா அக்காவின் பார்வை என் மேல் விழுந்து விலகியது. அதற்குள் எல்லாமே இருந்தது. என் அம்மாவுக்கு அது அன்றைக்கே போய்ச் சேர்ந்திருக்கும். அத்தை சொன்னது பொய்யில்லை. எங்கள் இருவருக்கும் உதவ அதைவிட நல்ல வார்த்தை அவருக்குக் கிடைத்திருக்காது. எனக்கு எதுவும் தெரியாது என்று ஆகிவிட்டது. இனி யாரும் என்னிடம் வந்து, உண்மையில் அத்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள்.

"போய்ட்டு வரேன் புள்ள. அம்மாவக் கேட்டேன்னு சொல்லு."

"சரி அத்தை."

லிப்ட் கதவு மூடியது.

மத்தியானம் ஓய்வறையில் ஹயாத்தி என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். ஏன் வந்தாள் என்று தெரியவில்லை. அலைபேசியில் ஒரு சேலைப் படத்தைக் காட்டி, இந்த நிறம் எடுபடுமா என்று கேட்டாள். எடுபடும் என்றேன்.

"உன் மாச்சிக் தீபாவளிக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க. முறுக்கு சுடுவாங்களாம். ஜெராமில் வீடு எங்கேன்னு எனக்குத் தெரியாது. நீயும் வாயேன், சேர்ந்து போகலாம்."

"நான் வரல."

"இன்னும் கோபமா? அவங்கதான் நல்லா ஆகிட்டாங்களே."

"ஆகல" என்றேன். "இன்னும் ரொம்ப நாளைக்கு வலிக்கும். நீ போனா உட்கார்ந்த இடத்துலேருந்தே உன்கிட்ட பேசுவாங்க. நான் போனா அவங்க எழுந்து வந்து, நொண்டாமல் நடந்து காட்டணும்."

ஹயாத்தி அலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. நான் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தேன்.